பெல்லேக்கு முடி வெட்டிய கிழமை

1

பெல்லேக்கு முடி வெட்டிக்கொண்டு வந்து இன்றோடு ஒரு கிழமை ஆகிறது. பெல்லே ஒரு நாய். மன்னாரில் இருந்து இதை வாசிக்கிறவர்கள் சிரிப்பார்கள் என்று தெரியும். நானும் அங்கே, எங்கள் ஊர் தாழ்வுபாட்டில் இருந்திருந்தால் சிரித்திருப்பேன்.

நான் இருப்பது நோர்வேயின் வடகோடியில், ஒரு சின்ன மீன்பிடித் துறைமுகத்தில். இளந்தாரியாக வந்து மீன் தொழிற்சாலையில் சேர்ந்தேன். இன்னும் அங்கேதான் வேலை. ஒரு காலத்தில் இந்தத் தெருவில் மீன் குழம்பு மணக்காத வீடு குறைவு. இயேசு பிறந்த நத்தார் நாளில் மண்டபம் எடுத்து, நாடகம் போட்டு, பலகாரம் சுட்டுக் கொண்டாடினோம். பிறகு பிள்ளைகளின் படிப்பு என்று ஒவ்வொரு தமிழ்க் குடும்பமாக ஒஸ்லோவுக்குப் போய்விட்டது. என் மகன் ஜெறோமும் போனான். அவனுக்குப் பிள்ளை பிறந்தபோது, மூன்று மாதம் நின்று உதவிவிட்டு வருகிறேன் என்று மனைவி றெஜினா போனாள். பேத்தி லியா இப்போது பாலர் பள்ளிக்குப் போகிறாள். றெஜினா இன்னும் வரவில்லை. சண்டை ஒன்றும் இல்லை. அங்கே அவள் தேவைப்படுகிறாள், இங்கே எனக்கு ஓய்வூதியத்துக்கு இன்னும் கொஞ்சக் காலம் இருக்கிறது. அவ்வளவுதான். தமிழ் பேச இந்த ஊரில் இப்போது எனக்குத் தொலைபேசி மட்டுமே.

எதிர்வீட்டில் ஆர்னே இருந்தார். மனைவியை இழந்தவர், கடலில் தொழில் செய்து ஓய்ந்தவர். எங்கள் முதல் பனிக்காலத்தில், கதவைத் திறக்க முடியாமல் நாங்கள் உள்ளே நின்றபோது, ஒரு சொல்லும் பேசாமல் சவளால் பனியை அள்ளி வழி வெட்டித் தந்தார். இந்த மொழியில் பெரியவரையும் ‘நீ’ என்றுதான் சொல்ல வேண்டும். வாய் ‘நீ’ என்று சொன்னாலும் மனதுக்குள் அவர் எனக்கு எப்போதும் ‘நீங்கள்’தான். றெஜினா போன பிறகு பின்னேரங்களில் அவர் வீட்டுக்குப் போவேன். கோப்பி ஊற்றுவார். எங்கள் கடலில் ஐஸ் மிதக்குமா, பாய் கட்டி ஓடுவீர்களா என்று கேட்பார். சொன்னதையே திரும்பச் சொன்னாலும் புதிதாகக் கேட்பது போலக் கேட்பார். பெல்லே அவர் பாதங்களின் மேல் படுத்திருப்பான். பெல்லேக்கு ஆட்டின் உடம்பு போலச் சுருண்ட மயிர். படியில் உட்கார்ந்து ஆர்னே தினமும் அவனுக்குச் சீப்புப் போடுவார். பொழுது போகாத கிழவனின் விளையாட்டு என்றுதான் நான் நினைத்திருந்தேன்.

போன இலையுதிர் காலத்தில் ஆர்னே அந்தப் படியில் விழுந்தார். ஆஸ்பத்திரியில் இருந்து நேராக முதியோர் இல்லத்துக்குக் கொண்டுபோனார்கள். முன்னமே மறதி தொடங்கியிருந்தது. ஸ்பெயினில் இருக்கும் அவருடைய மகள் எனக்குத் தொலைபேசி எடுத்தாள்.

“நாய்க்கு வயது போட்டுது. மிருக வைத்தியரிட்டக் குடுத்தால் ஊசி போட்டு விடுவினம். அதுதான் அதுக்கும் நல்லது” என்றாள்.

“கொஞ்ச நாளைக்கு என்னோட நிக்கட்டும்” என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று எனக்குத் தெரியாது. அதுவரை நான் அவனைத் தொட்டதுகூட இல்லை.

2

முதியோர் இல்லத்துக்குப் போகும்போதெல்லாம் ஆர்னே ஒன்றைத்தான் கேட்டார்.

“பெல்லே எங்க?”

“என்னோட இருக்கிறான். சுகமா இருக்கிறான்.”

“அப்ப கூட்டிக்கொண்டு வாவன்.”

அங்கே பொறுப்பாக இருந்த தாதியிடம் கேட்டேன். ஞாயிற்றுக்கிழமைகளில் நாயைக் கொண்டுவரலாம், ஆனால் தடுப்பூசி அட்டை வேண்டும், நகம் வெட்டியிருக்க வேண்டும், உடம்பு சுத்தமாக இருக்க வேண்டும் என்றாள். வாசலில் கட்டியிருந்த பெல்லேயை வந்து பார்த்தாள். வயிற்றுப் பக்கம் கையை விட்டவள் முகத்தைச் சுளித்தாள்.

“மயிர் எல்லாம் கட்டி பிடிச்சிட்டுது. இப்பிடி உள்ளுக்கு விடேலாது. முடி வெட்டுற ஆளிட்டக் கொண்டுபோ.”

பனிக்காலம் தொடங்கியதில் இருந்து நான் அவனுக்குச் சாப்பாடு வைத்தேன், நடக்கக் கூட்டிப்போனேன். சீப்புப் போட வேண்டும் என்று தெரியவில்லை. அந்தச் சுருள்கள் உள்ளுக்குள் பின்னிப் பாயாகி இருந்தன.

நாய்களுக்கு முடி வெட்டும் கடை பக்கத்துப் பட்டினத்தில், பஸ்ஸில் இரண்டு மணித்தியாலம். தொலைபேசியில் கதைத்தேன். இந்த மொழியில் நாய் என்பதற்கு ‘ஹுன்’. கை என்பதற்கு ‘ஹொன்’. இத்தனை வருடமாகியும் அவசரத்தில் என் நாக்குக்கு இரண்டும் ஒன்றுதான்.

“என்ர கையில மயிர் கட்டி பிடிச்சுப் போச்சு. வெட்ட வேணும்” என்று சொல்லியிருக்கிறேன்.

“நாங்கள் நாய்களுக்கு மட்டும்தான் வெட்டுறது” என்றாள் அந்தப் பெண், மிகவும் மரியாதையாக.

விஷயம் விளங்கியதும் நன்றாகச் சிரித்தாள். அவள் பெயர் ஹில்டே. நாயின் பெயரைச் சொன்னதும் சிரிப்பு நின்றது.

“துறைமுகத்துப் பெல்லேயோ? ஆர்னேயின்ர நாயோ? அவன் என்ர விரலைக் கடிச்சவன். அதுக்குப் பிறகுதான் ஆர்னே தானே வீட்டில பார்க்கத் தொடங்கினவர்.”

அவள் மறுக்கவில்லை. இரண்டு கிழமைக்குப் பிறகு நேரம் தந்தாள். அதற்குள் அவனைப் பழக்கிக் கொண்டு வா என்றாள். காலைத் தொட, காதைத் தூக்க, மேசையில் நிற்க, மெஷின் சத்தம் கேட்க. “பழக்காமல் கொண்டுவந்து கடிச்சான் எண்டால் நான் தொடமாட்டன். பிறகு மயக்க ஊசி போட்டுத்தான் வெட்டுவினம். அவன்ர வயதுபோன இருதயத்துக்கு, எழும்புவான் எண்டு ஒருத்தரும் சொல்லேலாது.”

3

அன்றைக்கு இரவுச் சாப்பாட்டுக்கு முன் தாழ்வுபாட்டில் இருக்கும் பிலோமினா அக்காவுக்குத் தொலைபேசி எடுத்தேன். எனக்கு மூத்தவர். மாமனார் விட்டுப்போன காணியில் இன்னும் அங்கேயே இருக்கிறார்.

“நாய்க்குச் சலூனோ?” என்றார். “அதுக்குப் பஸ்ஸில வேற போறியோ? தம்பி, உனக்கு அங்க ஒரு குறையும் இல்லையெண்டு இப்பதான் விளங்குது.”

சிரித்துச் சிரித்து அவருக்கு இருமல் வந்துவிட்டது. பிறகு குரலைத் தாழ்த்தினார்.

“றெஜினா எப்ப வாறாளாம்?”

“வருவா.”

“ஓம்” என்றார் அக்கா. அந்த ‘ஓம்’ எனக்கும் விளங்கியது, அவருக்கும் விளங்கியது.

எங்கள் இரண்டு பேருக்கும் சின்ன வயதில் ஒரே வேலைதான். கரையில் காயும் கருவாட்டுக்குக் காவல். அம்மா மீனைக் கீறி உப்புப் போட்டுப் பாயில் பரப்பிவிட்டுப் போவா. காகத்துக்கு அக்கா, நாய்க்கு நான். என் கையில் எப்போதும் ஒரு தடி இருக்கும். ஊர் நாய்கள் எல்லாம் என்னைக் கண்டால் விலகிப் போகும். அவற்றுக்குப் பெயர் இல்லை, கழுத்துப் பட்டி இல்லை. வெயில் நேரம் வள்ளங்களின் நிழலில் கிடக்கும். நண்டைத் துரத்திக் கடலில் இறங்கினால் அதுதான் குளிப்பு. ஞாயிறு பூசைக்குக் கோயில் வாசலில் சப்பாத்துகளுக்கும் செருப்புகளுக்கும் நடுவில் படுத்திருக்கும். ஒரு நாயின் உடம்பு எப்படி இருக்கும், சூடா குளிரா, மெத்தென்று இருக்குமா என்று எனக்கு இந்த வயது வரும்வரை தெரியாது.

நாட்டில் போர் ஓய்ந்திருந்த ஒரு காலத்தில் ஊருக்குப் போனேன். இறங்கின இடத்தில் இருந்து அக்கா வீட்டு ஒழுங்கை வரைக்கும் நாய்கள் குரைத்துக்கொண்டே வந்தன. எல்லாம் புது நாய்கள். நான் பெட்டியோடு நடுவில் நின்றுவிட்டேன். அக்கா படலையைத் திறந்துகொண்டு ஓடிவந்து நாய்களைப் பார்த்துத்தான் முதலில் கத்தினார்: “சீ போ அங்கால! இது எங்கட தம்பியடா!” பிறகுதான் என்னைக் கட்டிப் பிடித்து அழுதார்.

4

முதல் நாளே பிழை விட்டேன். சுத்தமாக இருக்க வேண்டும் என்று சொன்னார்களே, குளிக்க வார்ப்போம் என்று நினைத்தேன். பெல்லேயைக் குளியலறைக்குள் தள்ளிக் கதவைப் பூட்டி, சவர்க்காரம் போட்டு, வெந்நீர் ஊற்றினேன். அவன் உதறியதில் நான்தான் குளித்தேன். காய்ந்த பிறகு பார்த்தால் கட்டிகள் எல்லாம் இறுகிக் கல்லாகிவிட்டன. ஹில்டேயிடம் சொன்னபோது, “ஐயோ, நனைக்கக் கூடாது. நனைச்சால் இன்னும் இறுகும்” என்றாள்.

அடுத்த நாள் வேலையால் வந்து, குசினி அடுப்படியில், இடுப்பில் சாறத்தோடு நிலத்தில் உட்கார்ந்தேன். சீப்பைத் தூரத்தில் வைத்துவிட்டு, வேகவைத்த மீன் துண்டுகளை ஒரு கோப்பையில் வைத்துக்கொண்டேன். முன்கால் ஒன்றைத் தொட்டேன். உதடு தூக்கிப் பல்லைக் காட்டினான். கையை எடுக்காமல் மீனைக் கொடுத்தேன். வாங்கினான். அன்றைக்கு அவ்வளவுதான். இரண்டு பேருக்கும் போதும் என்றாகிவிட்டது.

பிறகு ஒவ்வொரு பின்னேரமும் கொஞ்சம் கொஞ்சம். கால், கால் விரல்களின் இடை, காது, தாடை. என் சவர மெஷினைப் பக்கத்து அறையில் ஓடவிட்டேன். குரைத்தான். அடுத்த நாள் குசினிக் கதிரையில் வைத்து ஓடவிட்டேன். அதற்கடுத்த நாட்களில் அதை என் முழங்காலில் வைத்து, பிறகு அவன் முதுகில் மெல்லச் சாய்த்தேன். உடம்பு முழுக்க நடுங்கியது. ஆனால் போகவில்லை. றெஜினா விட்டுப்போன தலை காயவைக்கும் மெஷினையும், அந்தச் சத்தத்துக்கும் அவனைப் பழக்க, அலுமாரியில் இருந்து எடுத்தேன். அதில் அவளுடைய நீண்ட மயிர் ஒன்று சுற்றியிருந்தது. அதை எடுத்து என்ன செய்வதென்று தெரியாமல் அப்படியே விட்டுவிட்டேன்.

விளிம்பில் இருந்த கட்டிகளை விரலால் பிரித்துப் பார்த்தேன். எங்களைப் பெற்ற ஐயா ஊரில் வலையில் சிக்கெடுப்பது போல, இழுக்காமல், ஓரத்தில் இருந்து. காதுக்குப் பின்னால் இரண்டு மூன்று பிரிந்தன. வயிற்றுப் பக்கம் ஒன்றும் நடக்கவில்லை. பிரிக்கும்போது அவனோடு கதைத்தேன். இந்த ஊர் மொழியில் தொடங்குவேன். கொஞ்ச நேரத்தில் அது முடிந்துபோய்த் தமிழ் வந்துவிடும். “பொறு ராசா, நோகாது ராசா” என்பேன். அந்தச் சொற்களை அந்த வீட்டில் நான் கடைசியாக ஜெறோமுக்குச் சொல்லியிருப்பேன்.

ஒருநாள் அப்படி இருக்கும்போது றெஜினா வீடியோவில் கூப்பிட்டாள்.

“இஞ்சாருங்கோ, என்ன நிலத்தில இருக்கிறியள்?”

“இவனுக்குக் கால் பழக்கிறன்.”

“நாயை அவன் இவன் எண்டுறியள்! கட்டிலில ஏத்துறேல்லைத்தானே?”

“சீச்சீ” என்றேன். பொய்தான். முந்தின கிழமையில் இருந்து கால்மாட்டில்தான் படுக்கிறான்.

“வீட்டுக்குள்ள நாய் நிண்டால் நான் அங்க கால் வைக்கமாட்டன், சொல்லிப்போட்டன்.”

“நாய் இல்லாத நேரமும் நீ வரேல்லையே” என்று வாய்வரை வந்தது. விழுங்கிவிட்டேன். அவளும் எதையோ விழுங்கியது போலத்தான் இருந்தது.

அதற்குள் லியா போனைப் பறித்துவிட்டாள். வழக்கமாக என் முகத்தைக் கண்டால் கையை ஆட்டிவிட்டு ஓடிவிடுகிற பிள்ளை. அன்றைக்குப் பெல்லேயைக் கண்டதும் போன் கண்ணாடியோடு மூக்கை ஒட்டிக்கொண்டு நின்றாள். இதுதான் சமயம் என்று நினைத்து, அவனைக் காட்டி, “நாய்” என்று சொல்லிக் கொடுத்தேன். அவள் முகம் வாடிவிட்டது. இந்த மொழியில் ‘நை’ என்றால் ‘இல்லை, கூடாது’. தான் பார்க்கக் கூடாது என்று அப்பப்பா சொல்கிறார் என்று நினைத்துவிட்டாள்.

“நாய், லியா, நாய்” என்று நான் திரும்பத் திரும்பச் சொன்னேன். அவள் அழத் தொடங்கிவிட்டாள். ஜெறோம் வந்து அவளைத் தூக்கி அவர்களுடைய மொழியில் விளங்கப்படுத்தினான். கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். என்ன சொன்னாய் என்று கேட்டேன்.

“ஒண்டுமில்லை அப்பா. உங்கட பாஷையில நாய்க்கு அதுதான் பேர் எண்டு சொன்னனான்.”

உங்கட பாஷை என்றான். அவன் அதைக் கவனிக்கவில்லை.

5

குறித்த நாளில் வேலைக்கு லீவு போட்டேன். ஹில்டே சொன்னபடி காலையில் கொஞ்சமாகச் சாப்பாடு கொடுத்து, பனியில் நீண்ட தூரம் நடத்தி, களைக்க வைத்து, பஸ்ஸில் ஏற்றினேன்.

ஹில்டே பெரிய உடம்பு, மெல்லிய குரல். பெல்லேயைப் பார்க்காத மாதிரி நின்று, தன் கையை மட்டும் அவன் மூக்குக்கு நீட்டினாள். மேசையில் ஏற்றினோம். வயிற்றைத் தடவிப் பார்த்தாள், தொடைகளுக்கு நடுவில் பார்த்தாள்.

“இதைச் சீப்பால எடுக்க நினைச்சால் அவனுக்கு உயிர் போற நோ. அடியோட வழிக்க வேணும். முழுக்க.”

“குளிருமே.”

“உடுப்புப் போடு. மயிர் வளரும். கீழ தோலைப் பார்.” ஒரு கட்டியைத் தூக்கிக் காட்டினாள். அடியில் தோல் சிவந்து, ஓரிடத்தில் புண் கண்டிருந்தது. அத்தனை மாதமும் அவன் அந்த நோவோடுதான் என் பின்னால் நடந்து வந்திருக்கிறான்.

“நீ தாடையைப் பிடி. கதைச்சுக்கொண்டிரு” என்றாள்.

மெஷின் ஓடத் தொடங்கியது. பெல்லேயின் உடம்பு இறுகியது. என் இரண்டு உள்ளங்கைகளுக்கும் நடுவில் அவன் தாடை. கண்கள் என் கண்களை விட்டு அசையவில்லை. நான் கதைத்தேன். என்ன கதைத்தேன் என்று இப்போது ஞாபகமில்லை. வள்ளம், கரை, அக்கா, றெஜினாவைப் பெண் பார்க்கப் போனது என்று வாயில் வந்ததெல்லாம் கதைத்தேன். அவ்வளவு நேரம் தொடர்ந்து தமிழ் பேசி எத்தனையோ காலம். பின்கால் பக்கம் மெஷின் போனபோது ஒருமுறை உறுமினான். ஹில்டே கையை எடுத்துவிட்டு என்னைப் பார்த்தாள். “பொறு ராசா” என்றேன். உறுமல் மெல்ல மெல்லத் தேய்ந்து, பெருமூச்சாகப் போனது.

மயிர் உதிரவில்லை. ஒரு கம்பளி போல முழுதாகக் கழன்று மேசையில் விழுந்தது. உள்ளே இருந்து இளஞ்சிவப்பாக, எலும்பு தெரிய, பாதி அளவு நாய் ஒன்று வெளியே வந்தது. நகத்தையும் வெட்டி, புண்ணுக்கு மருந்தும் போட்டாள்.

“என்ன பாஷை அது?” என்று கேட்டாள்.

“தமிழ்.”

“அவனுக்கு நல்லா விளங்குது” என்றாள்.

வரும் வழியில் என் சுவெற்றரைக் கழற்றி அவனுக்குச் சுற்றிவிட்டேன். பஸ் ஓடிய நேரம் முழுவதும் என் மடியில் தலையை வைத்துத் தூங்கிக்கொண்டு வந்தான். வழியில் படம் எடுத்து ஒஸ்லோவுக்கு அனுப்பினேன். “ஐயோ பாவம், குளிரப் போகுது. கம்பளிச் சட்டை பின்னி அனுப்பட்டே?” என்று றெஜினா எழுதியிருந்தாள். இரண்டு தரம் வாசித்தேன்.

6

ஞாயிற்றுக்கிழமை தடுப்பூசி அட்டையோடு போனோம். தாதி அட்டையைப் பார்த்தாள், நகத்தைப் பார்த்தாள், தலையை ஆட்டினாள்.

ஆர்னே யன்னலோரக் கதிரையில் இருந்தார். பார்வையும் மங்கிப் போயிருந்தது. பெல்லே வாசலிலேயே அவரைக் கண்டுவிட்டான். கயிற்றை என் கையில் இருந்து பிடுங்கிக்கொண்டு ஓடினான். தொண்டைக்குள் இருந்து ஒரு சத்தம் போட்டான். அப்படி ஒரு சத்தத்தை நான் அவனிடம் கேட்டதே இல்லை. அவர் முழங்காலில் முகத்தைப் புதைத்தான், கையை நக்கினான், வால் கதிரைக் காலில் அடித்துக்கொண்டே இருந்தது.

“ஆர்னே, பெல்லேயைக் கொண்டுவந்திருக்கிறன்” என்றேன்.

அவர் முகம் மலர்ந்தது. கையைக் கீழே விட்டார். தலையைத் தடவினார். முதுகைத் தடவினார். கை நின்றது. திரும்பவும் முதுகில் இருந்து வயிறு வரை தடவிப் பார்த்தார். மலர்ந்த முகம் மெல்ல மூடிக்கொண்டது.

“இது பெல்லே இல்லை” என்றார்.

“பெல்லேதான். மயிர் வெட்டினது.”

“பெல்லேக்கு மயிர் நிறைய. நான் ஒவ்வொரு நாளும் சீப்புப் போடுறனான். எனக்குத் தெரியாதோ?” கோபம் இல்லை. பிழையான வீட்டுக்கு வந்தவனுக்கு வழி சொல்வது போலச் சொன்னார்.

தாதி குனிந்து, “ஆர்னே, இது உன்ர பெல்லேதான்” என்றாள். அவர் அவளைப் பார்த்துச் சிரித்தார், தலையை ஆட்டினார். நம்பவில்லை.

நான் என்ன செய்வேன்? சொல்லலாம், திரும்பத் திரும்பச் சொல்லலாம். லியாவுக்குச் சொன்னது போல. நான் சொல்லவில்லை. ஒரு கதிரையை இழுத்துப் போட்டு அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். பெல்லே அவர் பாதங்களின் மேல் படுத்துவிட்டான். அவர் காலை எடுக்கவில்லை.

கொஞ்ச நேரம் கழித்து, “உன்ர நாயோ?” என்று கேட்டார்.

“ஓம், என்ர நாய்” என்றேன்.

“நல்ல நாய். அமைதியான நாய். பேர் என்ன?”

“பெல்லே.”

அவருக்கு அது பெரிய சந்தோஷமாகிவிட்டது. “பாரன்! என்னட்டையும் அந்தப் பேரில ஒண்டு இருக்குது. அவன் கொஞ்சம் பொல்லாதவன். ஆரையும் தொட விடமாட்டான்.”

“என்னையும் முதல்ல விடேல்லை” என்றேன்.

“பொறுமை வேணும்” என்றார் ஆர்னே. பிறகு தன் பெல்லேயைப் பற்றி நிறையச் சொன்னார். வள்ளத்தில் கூட வருவானாம். அலை அடித்தால் நடுங்குவானாம், ஆனால் கரையில் நிற்கச் சொன்னால் நிற்கமாட்டானாம். மனைவி இறந்த கிழமை கதவடியில் படுத்துச் சாப்பிடாமல் கிடந்தானாம். இவ்வளவும் எனக்கு அவர் முன்பு சொன்னதில்லை. நாங்கள் அதிகம் கதைக்காத இரண்டு பேர். வெளியே பின்னேரத்துக்கே இருட்டிக்கொண்டு வந்தது.

சாப்பாட்டுத் தள்ளுவண்டியின் சத்தம் கேட்டது. தாதி வாசலில் நின்று நேரம் ஆகிவிட்டது என்று கையைக் காட்டினாள். நான் எழும்பினேன்.

“பெல்லே, வா” என்றேன்.

அவன் அசையவில்லை. பாதத்தின் மேல் தாடையை இன்னும் அழுத்திக்கொண்டான். கயிற்றைப் பிடித்தேன். மெல்ல இழுத்தேன். வரவில்லை. தமிழிலும் கூப்பிட்டுப் பார்த்தேன். கண்ணை மட்டும் என் பக்கம் திருப்பினான்.

ஆர்னே இதைப் பார்த்துக்கொண்டிருந்தார். குனிந்தார். மயிரில்லாத அந்தத் தலையில் கையை வைத்தார்.

“போ” என்றார், பழைய குரலில். “உன்ர ஆளோட வீட்டை போ.”

பெல்லே எழும்பினான். ஆர்னே சொன்னால் அவன் எப்போதும் கேட்பான்.